விருந்தாளியா, வேலையாளா? ரோதானிடம் தங்கிய ரில்கே

கலைக்கூடங்கள் எழுத்தாளர்களை அழைத்துத் தங்கவைப்பது இப்போது பரவலாகிவிட்டது. பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் 2006இல் டோனி மாரிசனை அழைத்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2013இல் கென்னத் கோல்ட்ஸ்மித்தைத் தன் கவிஞராக அறிவித்தது. மாட்ரிடின் பிராடோ 2023இல் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, முதல் ஆளாக ஜே.எம்.கூட்ஸியைக் கூப்பிட்டது. சிறிய கூடங்களும் தங்கள் வசதிக்கேற்ப இதைச் செய்கின்றன. அவற்றின் அழைப்புக் குறிப்புகளைப் படித்தால் எல்லாம் ஒரே அச்சாக இருக்கும். தங்க இடம், கொஞ்சம் உதவித்தொகை, கூட்டமில்லாத நேரத்தில் படங்களைப் பார்க்க அனுமதி. பதிலுக்கு ஒரு கட்டுரை, ஒரு பொது வாசிப்பு, பள்ளி மாணவர்களுக்குப் பட்டறை, கடைசியில் ஓர் அறிக்கை.

இதில் எது எழுத்துக்கு உதவுகிறது, எது கெடுக்கிறது என்று யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. சோதிக்கவும் முடியாது. ஒரே எழுத்தாளரைக் கலையின் முன்னால் நாலு விதமான நிபந்தனைகளில் உட்காரவைத்துப் பார்க்க எந்தக் கூடத்திடம் பணம் இருக்கிறது?

ஆனால் தற்செயலாக அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1902 முதல் 1908 வரை பாரிஸில் ஜெர்மன் மொழிக் கவிஞர் ரைனர் மரியா ரில்கே நாலு விதமாகக் கலையின் பக்கத்தில் இருந்தார். முதலில் ஒரு சிற்பியைப் பற்றி எழுதித்தர அமர்த்தப்பட்டவர். பிறகு அதே சிற்பியின் வீட்டில் தங்கிச் சம்பளம் வாங்கியவர். அப்புறம் கண்காட்சிக்கு வந்துபோகும் பொதுமக்களில் ஒருவர். கடைசியில் வாடகைக்குக் குடியிருந்தவர். நாலு நிலையிலும் என்ன எழுதினார் என்பதற்குத் தேதியிட்ட கடிதங்களும் கவிதைகளும் இருக்கின்றன. இப்படி அழைத்துத் தங்கவைப்பதற்கு இன்று வழங்கும் ரெசிடென்சி என்ற பெயர் அன்று புழக்கத்தில் இல்லை. ஆனால் அதன் உறுப்புகள் அத்தனையும் இருந்தன.

1902: எழுதிக்கொடுக்க வந்தவர்

கலை வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் மூத்தர் பதிப்பித்த வரிசைக்காக பிரெஞ்சுச் சிற்பி ஒகூஸ்த் ரோதானைப் பற்றிச் சிறுநூல் எழுதும் வேலை ரில்கேவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயது, ரோதானுக்கு 61. மனைவி கிளாரா வெஸ்ட்ஹோஃப் சிற்பி, ரோதானிடம் பயின்றவர். மகள் ரூத்துக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. குடும்பத்தில் பணமில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி பட்டறையில் சந்திப்பு. மறுநாள் பாரிஸுக்கு வெளியே மெதோனில் இருந்த ரோதானின் வீட்டில், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் பளீரென்று வெளுத்துக் கிடந்த நூற்றுக்கணக்கான சாந்து உருவங்களைப் பார்த்துக் கண் வலித்ததாகக் கிளாராவுக்கு எழுதினார். எப்படி வாழ்வது என்று ரோதானிடம் கேட்டால் உழைக்க வேண்டும், உழைப்பது ஒன்றுதான், கூடவே பொறுமை வேண்டும் என்பதே பதில். உத்வேகம் வரட்டும் என்று காத்திருந்து பழகிய கவிஞருக்கு இது புது மருந்து.

1903இல் நூல் வந்தது. அழகான உரைநடை. ஆனால் பக்தரின் உரைநடை. ரோதான் அதில் குறையே இல்லாத மகானாக நடமாடுகிறார். இன்றைக்கு ஒரு கூடம் காசு கொடுத்து எழுதி வாங்கும் கண்காட்சிக் கட்டுரையின் வாடை அதில் அடிக்கிறது என்று சொன்னால் ரில்கே ரசிகர்கள் கோபப்படலாம். பரவாயில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ரோதானுக்கு ஜெர்மன் தெரியாது. தன்னைப் பற்றிய புத்தகத்தை அவரால் படிக்க முடியவில்லை.

அதே காலத்தில் யாரும் கேட்காமல் எழுதிய ஒரு கவிதையும் உண்டு. தாவரவியல் பூங்காவின் விலங்குக் கூண்டில் முன்னும் பின்னும் நடக்கும் சிறுத்தையைப் பற்றியது. பன்னிரண்டே வரி. ரோதானின் பட்டறையில் பழகிய பார்வையைக் கொண்டுபோய் ஓர் உயிருள்ள பிராணியின் மேல் வைத்தார். நூலை இன்று ஆய்வாளர்கள் படிக்கிறார்கள், கவிதையை எல்லோரும் படிக்கிறார்கள். எழுதித்தரச் சொன்னதைவிட அதன் ஓரத்தில் முளைத்தது நின்றது.

1905–06: வீட்டோடு தங்கியவர்

இந்த ஆய்வின் மையம் இந்தப் பகுதிதான். 1905 செப்டம்பரில் ரில்கே மெதோனுக்குத் திரும்பினார். ரோதானின் தோட்டத்திலேயே அவருக்கென்று ஒரு சின்ன வீடு கிடைத்தது. ஜன்னலுக்குக் கீழே சரளைக்கல் பாதை ஒரு மேட்டில் ஏறிப் போகும். மேட்டின்மேல் ஒரு புத்தர் சிலை. இரவில் விளக்கோடு உள்ளே வந்து, விண்மீன்களுக்குக் கீழே அந்தச் சிலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். எந்தக் கலைக்கூடமும் இதைவிட நல்ல அறை தர முடியாது.

பதிலுக்கு ரோதானின் கடிதப் போக்குவரத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். காலையில் இரண்டு மணிநேர வேலை, மாதம் 200 பிராங்க், மீதி நேரம் அவருடையது. காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஏன், தாராளமானது என்றுகூடச் சொல்லலாம்.

காகிதத்தில் இருப்பதுதான் பிரச்சினை. ரோதான் அப்போது புகழின் உச்சியில் இருந்தார். எல்லாத் திசைகளிலிருந்தும் கடிதங்கள். 1906 ஏப்ரலில் அவருடைய 'சிந்தனையாளன்' சிலை பாரிஸின் பாந்தியோன் நினைவு மண்டபத்துக்கு முன்னால் நிறுவப்பட்டது. அதே வாரங்களில் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா மார்பளவுச் சிலைக்காக வந்து உட்கார்ந்தார். ரில்கே பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். வேறு யாருக்கு இப்படி வாய்க்கும்? ஆனால் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பினால் அங்கே பதில் போட வேண்டிய கடிதங்கள், அதுவும் அவருக்குச் சரளமாக வராத பிரெஞ்சில். இரண்டு மணிநேரம் நாள் முழுவதையும் தின்றது. நடுவில் ரோதானைப் பற்றி வெளியூர்களில் சொற்பொழிவுகள். 1906 மார்ச்சில் அப்பா இறந்துபோனார். சொந்த வேலை நகரவில்லை என்ற புலம்பல் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

மே மாதம் உடைந்தது. பார்க்கப்போனால் விஷயம் அற்பம். ஆங்கில ஓவியர் வில்லியம் ரோத்தன்ஸ்டைனுக்கும் இன்னொருவருக்கும் தன்னைக் கேட்காமல் ரில்கே கடிதம் எழுதியிருக்கிறார் என்று ரோதானுக்குத் தெரியவந்தது. உடனே வீட்டை விட்டு அனுப்பிவிட்டார். ரில்கே போகும்போது ரோதானுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. திருடிய வேலைக்காரனை விரட்டுவதுபோலத் தன்னை விரட்டிவிட்டதாகச் சொல்கிறார். அதைவிட முக்கியமானது அவர் வைக்கும் வாதம். நீங்கள் என்னை ரோத்தன்ஸ்டைனுக்கு அறிமுகப்படுத்தியது நண்பன் என்று, செயலாளன் என்று இல்லை. அவர் எனக்கு எழுதினார், நான் பதில் எழுதினேன். இதில் என்ன தவறு?

ரில்கே சொல்வது சரி. ரோதான் பக்கமும் சரி. தன் பெயரில் போகும் கடிதங்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் கொடுத்து வைத்த ஆள், தனக்குத் தெரியாமல் தன் வட்டத்தில் உள்ளவர்களோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தால் எந்த முதலாளிக்கும் எரிச்சல் வரும். எட்டு மாதம் இரண்டு பேரும் ஒரே தோட்டத்தில் இருந்தார்கள். ஒருவர் நண்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தேவைக்கேற்ப நண்பர் என்றும் செயலாளர் என்றும் வைத்துக்கொண்டார். இதை உட்கார்ந்து பேசித் தீர்க்கவே இல்லை. சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேதைகளின் முன்கோபம் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பந்தக் கோளாறாகத்தான் தெரிகிறது.

வெளியேறிய ரில்கே பாரிஸில் காசெத் தெருவில் 29ஆம் எண் விடுதியில் ஓர் அறை எடுத்தார். அடுத்த சில வாரங்களில் கவிதைகள் கொட்டின. லுக்சம்பூர்க் தோட்டத்துக் குடைராட்டினத்தைப் பற்றிய கவிதை அந்த ஜூனில் எழுதியதுதான். 1907இல் 'புதிய கவிதைகள்' முதல் தொகுதி வெளிவந்தது.

மெதோனில் ஒன்றுமே எழுதவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஜன்னலுக்கு வெளியே இருந்த அந்தப் புத்தரைப் பற்றி 1905 கடைசியிலேயே ஒரு கவிதை எழுதினார். பிறகு இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றை 1908இல், அந்த வீட்டை விட்டு இரண்டு வருடம் கழித்து எழுதினார். இரண்டாம் தொகுதியின் கடைசிக் கவிதை அதுதான். ஒரே சிலை, மூன்று கவிதை, மூன்று வருடம். ரெசிடென்சி முடிந்த வாரத்தில் அறிக்கை கேட்டிருந்தால் முதல் கவிதை மட்டுமே கணக்கில் வந்திருக்கும்.

1907: யாரும் அழைக்காத மூன்று வாரம்

பிரெஞ்சு ஓவியர் செசான் 1906 அக்டோபரில் இறந்தார். அடுத்த அக்டோபரில் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருக்கு நினைவு அறைகள் ஒதுக்கி 56 படைப்புகளைத் தொங்கவிட்டார்கள். ரில்கே மறுபடி அதே காசெத் தெரு விடுதியில் இருந்தார். அனேகமாகத் தினமும் போனார். போய்வந்து கிளாராவுக்குக் கடிதம் எழுதினார். அவ்வளவுதான் ஏற்பாடு. அழைப்பு கிடையாது, உதவித்தொகை கிடையாது, கேட்டவர் கிடையாது.

இந்தக் கடிதங்களில் ஓவியம் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் அந்த ரோதான் நூலை எழுதியவரா இவர் என்று தோன்றும். பக்தி போய்விட்டது. மத்தில்டே ஃபோல்மோலர் என்ற ஓவியர் ஒருநாள் கூடப் போகிறார். செசான் ஒரு நாயைப்போலப் படத்தின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், பதற்றமும் இல்லை, உள்நோக்கமும் இல்லை என்று மத்தில்டே சொன்னதை ரில்கே அப்படியே எடுத்து எழுதுகிறார். மறுநாள் கடிதத்தில் அதை மேலே கொண்டுபோகிறார். ஓவியர் ஒரு பொருளை நேசிப்பது இயல்பு, ஆனால் அந்த நேசத்தைக் காட்டிவிட்டால் வேலை கெட்டுவிடும், 'இதை நேசிக்கிறேன்' என்று தீட்டக் கூடாது, 'இதோ இருக்கிறது' என்று தீட்ட வேண்டும் என்கிறார். ரோதான் நூலில் தான் செய்த தவறை அவரே கண்டுபிடித்துச் சொல்வதுபோல இருக்கிறது, அந்த நூலைப் பற்றி அங்கே பேச்சே இல்லாவிட்டாலும்.

அக்டோபர் 22, கண்காட்சி முடியும் நாள். கடைசியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவுடனேயே திரும்ப ஓடிப்போய் ஓர் ஊதாவை, ஒரு பச்சையை, சில நீலங்களைச் சரிபார்க்க வேண்டும்போல இருக்கிறது, இன்னும் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்று எழுதுகிறார். பிறகு சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் செசானின் மனைவியின் படத்தை நினைவிலிருந்தே வரி வரியாகக் கட்டுகிறார். நாற்காலியின் சிவப்பு, பாவாடையின் பச்சை மஞ்சள், சுவர்த்தாளின் நீலம். படத்தில் ஒவ்வொரு இடமும் மற்ற எல்லா இடங்களையும் அறிந்திருப்பதுபோல இருக்கிறது என்பது அங்கே வருவதுதான். ஓவியத்தைப் பற்றி எழுதப்பட்ட வாக்கியங்களில் இதற்கு இணையாகச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை.

இவை அச்சில் வந்தது 1952இல். கிளாரா தொகுத்தார். ரில்கே இறந்தே 26 வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு முடிவுக்குத் தாவிவிடத் தோன்றும்: பார்த்தீர்களா, ரெசிடென்சியே வேண்டாம், எழுத்தாளரைச் சும்மா விட்டால் போதும். அது அவசரம். அதே அக்டோபரில் எழுதிய இன்னொரு கடிதத்தில், செசானிடம் தான் அடையாளம் கண்டது ஒரு திருப்பத்தை, அதே திருப்பத்துக்குத் தன் வேலையில் தானும் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்ததால்தான் கண்டுகொள்ள முடிந்தது என்கிறார். அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்ததில் மெதோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ரோதானின் கை ஒரு களிமண்ணைத் தொட்டு, விட்டு, மறுபடி தொடுவதை மாதக்கணக்கில் பக்கத்தில் நின்று பார்க்காத ஒருவர் செசானின் அறைகளில் என்ன பார்த்திருப்பார்? தங்கியிருந்தது கண்ணைப் பழக்கியது. விளைச்சல் வேறு இடத்தில், வேறு ஓவியரின் முன்னால், பெருஞ்செலவு செய்த ரோதானுக்கு ஒரு காசு லாபமில்லாமல் வந்தது. அழைக்கும் கூடங்களுக்கு இது கசப்பான செய்திதான்.

1908: வாடகைக்காரர்

1907 நவம்பரிலேயே ரோதான் கடிதம் எழுதிச் சமாதானமாகிவிட்டார். 1908இல் பாரிஸின் ஓத்தெல் பிரோன் என்ற பழைய மாளிகையில் கிளாரா ஓர் இடம் பிடித்தார். கன்னியர் பள்ளி இருந்து காலியான கட்டடம், அறைகளை மலிவாக வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் ரில்கே அங்கே குடியேறினார். வந்த கையோடு ரோதானுக்கு எழுதி, வந்து பாருங்கள் என்றார். ரோதான் வந்தார், பிடித்துப்போனது, தரைத்தளத்து அறைகளை எடுத்துக்கொண்டார். 1919இல் அந்த மாளிகைதான் ரோதான் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வெளியே அனுப்பப்பட்ட செயலாளரும் அவர் மனைவியும் இல்லாவிட்டால் அந்த அருங்காட்சியகம் அந்த இடத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த ஆண்டே 'புதிய கவிதைகள்' இரண்டாம் தொகுதி வந்தது. காணிக்கை ரோதானுக்கு, அவரால் படிக்க முடிந்த பிரெஞ்சில். முதல் கவிதை தலையில்லாத ஒரு பழைய அப்பல்லோ சிலையைப் பற்றியது. இந்த நான்காவது ஏற்பாட்டில் யாரும் யாருக்கும் கடன்படவில்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக்காரர்கள்.

இதை வைத்து என்ன செய்வது

ஒரு ஆளை வைத்து விதி எழுத முடியாது. நான்கு ஏற்பாடுகளும் வரிசையாக வந்தவை, ஒன்றில் கற்றது அடுத்ததற்குள் போயிருக்கிறது. 26 வயதில் எழுதியவருக்கும் 32 வயதில் எழுதியவருக்கும் உள்ள வித்தியாசத்தில் வயதுக்கு எவ்வளவு, ஏற்பாட்டுக்கு எவ்வளவு என்று பிரிக்கவும் வழியில்லை. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரில்கே இத்தனை சுதந்திரமாகப் பார்த்துக்கொண்டு அலைந்த காலத்தில் ரூத் பெரும்பாலும் கிளாராவின் பெற்றோரிடம் வளர்ந்தாள். கிளாராவும் கலைஞர்தான், அவருக்கும் பாரிஸ் தேவைப்பட்டது. குழந்தையோடு வரலாமா என்ற கேள்விக்கு இன்றும் பல அழைப்புக் குறிப்புகளில் பதில் இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததாலேயே யார் யார் விண்ணப்பிக்காமல் போகிறார்கள் என்பது கூடங்களுக்குத் தெரிவதே இல்லை.

சரி, ஓர் எதிர் உதாரணத்தையும் பார்த்துவிடலாம். பிரான்சில் ஸ்டாக் பதிப்பகம் எழுத்தாளர்களை ஒரே ஓர் இரவு அருங்காட்சியகத்துக்குள் தனியாக விட்டு, அதைப் பற்றிப் புத்தகம் எழுதவைக்கும் வரிசை ஒன்றை நடத்துகிறது. புத்தகம் முன்கூட்டியே பேசி முடித்தது, பார்க்கும் நேரம் சில மணி. என் வாதப்படி இது ஓடக் கூடாத குதிரை. ஆனால் லூவரில் ஓர் இரவைக் கழித்த ஜாகுத்தா அலிகாவாசோவிச்சின் புத்தகம் 2021இல் கட்டுரைக்கான மெதிசி என்ற பிரெஞ்சு இலக்கியப் பரிசு பெற்றது. அந்த நூலுக்குள் போனால் காரணம் தெரியும். சிறுமியாக இருந்தபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டு லூவருக்குப் போனதுதான் அதன் மையம். பார்வை எல்லாம் வருடங்களுக்கு முன்பே நடந்துவிட்டது, அந்த இரவு அதைத் திறக்கத் திறவுகோல் மட்டும் கொடுத்தது. தவிர, யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்பதில் அங்கே குழப்பமே இல்லை.

மெதோனைக் கெடுத்தது அந்தக் குழப்பம்தான். வேலை அதிகம் என்பதுகூட அதற்கு அடுத்தபடிதான். எழுத்தாளரிடம் கூடத்தின் சமூக ஊடகப் பதிவு, துண்டுப் பிரசுரம், நன்கொடையாளர் விருந்தில் நாலு வார்த்தை என்று கேட்கிற கூடங்கள் பல. கேட்பது குற்றமில்லை. நீங்கள் எங்கள் விருந்தாளி என்று சொல்லிவிட்டுக் கேட்பதுதான் சிக்கல். விருந்தாளியால் மறுக்க முடியாது, வேலையாளாக இருந்தால் கூடுதல் சம்பளமாவது கேட்கலாம். இவற்றைத் தனி வேலையாக எழுதி, தனித் தொகை போட்டு, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தால் பாதித் தகராறு தீரும்.

எந்த நேரத்தைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். ரோதான் கேட்டது இரண்டே மணிநேரம், ஆனால் அது காலை. காலையில் எழுதுகிறவரிடம் காலை இரண்டு மணிநேரத்தை வாங்கிவிட்டால் மீதி இருபத்திரண்டை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பட்டறையை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று எழுத்தாளரிடம் கேட்க ஒரு மின்னஞ்சல் போதும். கட்டடத்தின் காவலர் நேரத்துக்கும் மாணவர் வரும் பேருந்துக்கும் ஏற்ப அட்டவணை போடுகிறவர்கள் எழுத்தாளரின் நேரத்தை மட்டும் காலியிடமாகக் கருதுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அறிக்கை விஷயத்தில் கலைக்கூட இயக்குநர்களின் சங்கடம் புரிகிறது. நிதி தருகிறவர் ஆண்டுக் கணக்கு கேட்பார். மூன்று வருடம் கழித்துப் புத்தர் கவிதை வரலாம் என்று அவரிடம் சொல்ல முடியாது. அதற்கு நடைமுறையில் ஒரு வழி உண்டு. முடியும் வாரத்தில் கேட்கும் அறிக்கையைப் பார்த்தவற்றின் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்: எந்தப் படங்களுக்கு முன்னால் எத்தனை நாள், எதற்குத் திரும்பப் போனார், எதை விட்டுவிட்டார். கட்டுரை வேண்டுமென்றால் கெடுவை இரண்டு வருடம் தள்ளி, அது கூடத்தின் படங்களைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட வேண்டும். அதற்கான தொகையின் ஒரு பகுதியை அப்போது கொடுப்பதற்காக இப்போதே ஒதுக்கிவைத்தால் ஆண்டுக் கணக்கிலும் இடிக்காது.